வட்டுக்கோட்டைச் செமினரியின் வரவுக் கணக்கு

கல்விச்சாலைகளின் சரித்திரம் எழுதப் புகுந்தோர் அவற்றை நிறுவிய பெரியோர் பெயரையும், தலைமை தாங்கிய ஆசிரியர் பெயரையும், அங்கே கற்றுப் புகழெய்திய மாணாக்கர் பெயரையும் நிரலே எழுதிச் செல்வர். அச்சாலையில் உலையிலிட்ட அரிசிக்குப் பணம் கொடுத்தவர் யார், இரவுப் பாடத்திற்கு எரித்த எண்ணெய்க்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை எழுதுவோர் அரியர். ஜொகூர் நாட்டுத் தோட்டமொன்றிற் கணக்கேடு எழுதிக் காலங்கழிக்கும் நமக்கோ, எந்தச் சரித்திரத்தைக் கையிலெடுப்பினும் வரவுப் பக்கத்தை முதலிற் புரட்டிப் பார்க்கும் பழக்கம் ஊறிவிட்டது. அப்பழக்கத்தால் ஒரு நன்மையுண்டு. பணம் கொடுத்தவன் யாரென்று தெரிந்துவிட்டால், யாரைச் சேர்த்தார்கள், எதைக் கற்பித்தார்கள், எப்பொழுது கதவடைத்தார்கள் என்னும் மூன்று கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

இம்முறையில் நாம் ஈண்டு ஆராயப் புகுவது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் கதை. மலாயாத் தமிழருக்கு அதனால் ஆவதென்ன என்று நேயர்கள் கேட்கலாம். சொல்லுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டில் இருப்புப்பாதை போடப்பட்டபொழுது, இலங்கையில் வேலை பார்த்து இங்கு வந்த ஸ்பூனர் போன்ற ஆங்கில அதிகாரிகள், எழுத்து வேலைக்கு யாழ்ப்பாணத்து இளைஞரை வரவழைத்தனர். புகைவண்டி நிலையத்திலும், பொதுமராமத்து இலாகாவிலும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களிலும் அவர்கள் கிராணிகளாக அமர்ந்தனர். அவர்கள் கையிலிருந்த மூலதனம் ஆங்கிலம் ஒன்றே. அந்த ஆங்கிலம் பிறந்த பல பள்ளிகளுக்குத் தாய்வீடு வட்டுக்கோட்டை. ஆகவே, விடியற்காலைப் பெரட்டில் செக்ரோலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டவனுக்கும் அக்கதையிற் பங்குண்டு; கூப்பிட்ட பெயருக்குக் கைகட்டி நின்றவனுக்கும் பங்குண்டு.

இக்கதையைப் பற்றி நம்மவருள் இரு கட்சியார் உளர். பாதிரிமார் ஒரு காசும் வாங்காமல் நம்மைக் கண் திறந்தனர் என்று கைகூப்புவோர் ஒரு கட்சி. சோற்றைக் காட்டி மதத்தை விற்றனர் என்று சீறுவோர் மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் கணக்கேட்டைப் பார்த்தவரல்லர்.

செமினரி என்பது குருமாரைப் பயிற்றும் சாலை. தமிழ்நாட்டில் அத்தகைய சாலை புதிதன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் 1716ஆம் ஆண்டிலேயே உபதேசியாரைப் பயிற்ற ஒன்று தொடங்கினார். பினாங்கில் 1808ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் கத்தோலிக்க குருமடம், அதற்குமுன் 1770 முதல் 1782 வரை புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் இருந்தது என்பதை நம்மவரிற் பலர் அறியார். இவ்விடங்களில் உடன்படிக்கை தெளிவானது. மாணவன் திருச்சபையின் ஊழியனாகப் போகிறவன். ஆகவே அவன் சோறும் துணியும் நூலும் திருச்சபையின் செலவு. வட்டுக்கோட்டையிலும் அவ்வாறே தொடங்கினர். ஆனால் மாணவனின் தகப்பன் எண்ணியது வேறு, கடலுக்கப்பால் இருந்து பணம் அனுப்பியவன் எண்ணியது வேறு. அவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் அச்சாலை நின்றது.

அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் காலத்து இடிந்த கோயில்களைத் திருத்திக் குடிபுகுந்தனர். கிராமப் பள்ளிகள் பல வைத்தனர். எனினும் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் தம் போதனை நிலைப்பதில்லை என்று கண்டு, பிள்ளைகளைத் தம் வளவிலேயே தங்கவைத்து உணவும் உடையும் கொடுத்துக் கற்பிக்கத் துணிந்தனர். முதலிற் பிள்ளை கிடைப்பதே அரிதாயிற்று. வந்த சிலரும் பாதிரியார் வளவிற் சமைத்ததை உண்ண மாட்டோம் என்றனர். ஆகவே அடுத்திருந்த சைவர் ஒருவர் காணியில் அடுக்களை அமைத்து, சாதிக்காரச் சமையற்காரனை வைத்து, அங்கே உணவு கொடுத்தனர். சமத்துவம் பேசும் வேதத்தைக் கொண்டுவந்தவர் முதற்படியிலேயே சாதிக்கு ஓர் அடுக்களை கட்டிக் கொடுத்தனர்! அரிசிக்குப் பணம் அமெரிக்காவினுடையது. அதைத் தொட்டுச் சமைக்கும் கை எந்தச் சாதியினது என்று தீர்மானித்தது யாழ்ப்பாணம். இச்செய்தியைப் பின்னும் எடுத்துப் பேச வேண்டியிருக்கும்.

அப்பணம் எப்படி வந்தது என்பதே நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை. அமெரிக்காவிற் பெருஞ்செல்வர் எவரும் மொத்தமாக அள்ளிக் கொடுத்ததன்று அது. சிற்றூர்ச் சபைகளும், தையல் தைத்துக் காசு சேர்த்த மாதர் சங்கங்களும், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிச் சிறுவரும் ஆண்டுதோறும் சில டாலர் சேர்த்து அனுப்பினர். ஒரு சங்கம் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்ளலாம். அவ்வாறு ஏற்றுக்கொண்டவர்க்கு ஓர் உரிமை அளிக்கப்பட்டது: அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடலாம். தம் ஊர்ப் போதகர் பெயரை, இறந்துபோன அன்பர் பெயரை, புகழ்பெற்ற கலாசாலைத் தலைவர் பெயரை அவர்கள் எழுதியனுப்பினர். ஆறுமுகமும் விசுவநாதனும் சிதம்பரமும் அமெரிக்கப் பெயரொன்றையும் தலையிற் சுமந்துகொண்டனர். வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று தமிழிலக்கியச் சரித்திரத்தில் நாம் காணும் விசித்திரமான பெயர்கள் இவ்வாறு பிறந்தவை. 1841ஆம் ஆண்டில் தோன்றிய உதயதாரகைப் பத்திரிகையின் முதல் ஆசிரியர் இருவர் பெயரைப் பாருங்கள்: ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். கேட்டவர் வெள்ளையர் என்றே எண்ணுவர். இருவரும் வட்டுக்கோட்டையிற் படித்த தமிழர்.

இதனை இழிவென்று நாம் சொல்லத் துணியோம். பனியில் நடுங்கிக்கொண்டு தையலூசி பிடித்த அம்மாது, தான் ஒருநாளும் காணப்போகாத ஒரு கரிய சிறுவனுக்காகத் தன் காசைக் கொடுத்தாள். அக்காசு எங்கே போயிற்று என்று அறிய அவளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆனால் சிறுவன் பக்கத்திலிருந்து நோக்கினால் கணக்கு வேறுவிதமாகத் தோன்றும். சோறும் பாடமும் இலவசம் என்பர். பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னால் ஒரு பெயர் வந்து அமர்ந்ததே, அது செலவுப் பக்கத்திற் சேராதா?

நிற்க. மிஷனார் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்னும் ஐந்து நிலையங்களிலும் பயின்ற பிள்ளைகளிற் சிறந்தோரை ஒருங்கு சேர்த்து, 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் உயர்தரச் சாலை ஒன்று தொடங்கினர். அதை முழுக் கல்லூரியாக்க வேண்டுமென்று திட்டம் ஒன்றை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பினர். தமிழும் ஆங்கிலமும் மட்டுமன்றி, கணிதம், வானநூல், இயற்கைநூல் ஆகியவற்றையும் கற்பிக்க வேண்டுமென்பது அத்திட்டம். இலங்கையை ஆண்ட ஆங்கிலேயருக்கு அமெரிக்கர் கல்லூரி வைப்பது உவப்பாயில்லை. தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில் புதிய அமெரிக்கப் பாதிரிமார் வரவும் தடுக்கப்பட்டது. ஆகவே கல்லூரி என்னும் பெயர் கைகூடாமல், 1827ஆம் ஆண்டு முதல் அது செமினரி என்றே வழங்கலாயிற்று. ஆங்கிலேயர் அனைவரும் பாராமுகமாயிருந்தனர் என்றும் சொல்வதற்கில்லை. உதவி புரிந்த நீதிபதி சர் ரிச்சர்ட் ஒட்லியின் பெயரால் அங்கே ஒரு பெரிய மண்டபம் எழுந்தது. மாணவனுக்கு இட்டதுபோலவே சுவருக்கும் கொடையாளியின் பெயர்!

முதல் தலைவர் தானியேல் பூர் ஐயர் 1835ஆம் ஆண்டு வரை அங்கே உழைத்தார். அவருக்குப் பின் வந்த ஹொய்சிங்டன் ஐயர் நம் சைவ சித்தாந்த நூல்களையே ஊன்றிக் கற்று, சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்டார். கிறிஸ்தவ குருமாரை உண்டாக்குவதற்கென்று மாதர் சங்கங்கள் சேர்த்த காசு, சிவஞானபோதத்தை அமெரிக்கப் பண்டிதர் கையிற் சேர்த்துவிட்டது. கொடுத்தவர் நினைத்த வழியிற் பணம் போவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

தொடக்கத்திற் பிள்ளைகளைக் கெஞ்சி அழைத்த பாதிரிமார், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே வாயிலில் நின்ற கூட்டத்தைக் கண்டு திகைத்தனர். காரணம் வேதமன்று. 1833ஆம் ஆண்டில் கோல்புறூக், கமரோன் என்னும் இருவர் சொற்படி இலங்கையில் அரசாங்கச் சீர்திருத்தம் நிகழ்ந்தது. ஆங்கிலமே ஆட்சிமொழியாயிற்று, உத்தியோக வாயில்கள் நாட்டவர்க்கும் சிறிது திறந்தன. கண்டி மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. கச்சேரியில் எழுதவும், நிலம் அளக்கவும், நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கவும் ஆங்கிலம் படித்த ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்திலோ மழை அரிது. கிணற்று நீரிறைத்துப் புகையிலை வைப்பதும், பனையை நம்புவதுமே பிழைப்பு. மண் சுருங்கிய நாட்டில் ஒரு மகனை எழுத்து வேலைக்கு அனுப்புவது இன்னொரு காணி வாங்குவதற்கு ஒப்பாகும். படித்த மாப்பிள்ளைக்குச் சீதனமும் ஏறிற்று. தகப்பன்மார் கணக்குப் போடத் தெரியாதவரல்லர்.

இந்நிலையில் 1837ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பெரும் பணமுடை உண்டாயிற்று. வங்கிகள் கதவடைத்தன. அங்கே வியாபாரி முறிந்தான். இங்கே யாழ்ப்பாணத்துக் கிராமப் பள்ளியில் ஏட்டை மடக்கச் சொன்னார்கள். மிஷன் நடத்திய பள்ளிகளில் மிகப் பல மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் இலங்கை அரசாங்கம் கொடுத்த சிறு மானியம் ஓரளவு கைகொடுத்தது. நியூயார்க்கில் ஒரு விலை இறங்கினால் தோட்டத்தில் ஆட்குறைப்பு நடக்கும் என்பதை 1930ஆம் ஆண்டையடுத்த பஞ்சத்தில் மலாயாத் தொழிலாளர் நன்கறிந்தனர். பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்னரே வட்டுக்கோட்டைச் சுற்றுப்புறத்துப் பாலர் அதே பாடத்தைப் படித்துவிட்டனர்.

இதன்பின் மிஷனார் ஒரு புதிய விதியைப் படிப்படியாகக் கொண்டுவந்தனர். இயன்ற பெற்றோர் தம் பிள்ளையின் உணவுச் செலவைத் தாமே கொடுக்க வேண்டும் என்பது அவ்விதி. இலவசச் சோற்றுக்காகவே பிள்ளைகள் வருகின்றனர் என்று பழித்தவர் பலர், இனி வாயில் வெறிச்சோடும் என்று எண்ணியிருப்பர். நடந்ததோ மறுதலை. தகப்பன்மார் பணத்தை எண்ணிக் கொடுத்தனர். இவ்விடத்தில் சரித்திரம் எழுதுவோர் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். நாம் சற்று நின்று நோக்குவோம். இலவசமாக ஒன்றைப் பெறுபவன் அதன் முறையை ஏற்றுத்தான் ஆகவேண்டும். விலை கொடுப்பவனோ தனக்கு வேண்டியதைக் கேட்பான். யாழ்ப்பாணத்துத் தகப்பன் கேட்டது ஆங்கிலமும் கணக்கும். வேதபாடத்தை அவன் மறுக்கவில்லை. அதையும் பையன் ஒப்புவித்தான், பரீட்சையிலும் தேறினான். மாலையில் வீடு சென்று திருநீறு பூசிக்கொண்டான்.

சாலையின் தரம் ஒருசிறிதும் தாழவில்லை. இலங்கைக் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சர் எமர்சன் தெனன்ட், 1850ஆம் ஆண்டில் எழுதிய நூலில், வட்டுக்கோட்டை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என்று வியந்து எழுதினார். ஆங்கில அதிகாரி அமெரிக்கர் சாலையை அவ்வாறு புகழ்வதற்கு முகத்துதிக் காரணம் ஒன்றும் இல்லை.

ஆனால் அமெரிக்காவிலிருந்த அச்சபைத் தலைமைக்கு அப்புகழ் இனிக்கவில்லை. அவர்கள் சார்பில் ரூஃபஸ் ஆண்டர்சன் என்பாரும் துணைவர் ஒருவரும் 1855ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து கணக்கெடுத்தனர். ஏறக்குறைய நூறு மாணவர் கற்றுக்கொண்டிருந்தனர்; அவருள் சபையில் முறைப்படி சேர்ந்திருந்தோர் ஏறத்தாழப் பத்துப் பேரே. ஆண்டர்சன் கொள்கை தெளிவானது. மிஷன் பணம் சுவிசேஷத்திற்கு. சுவிசேஷம் ஊர்மொழியில் நடைபெறவேண்டும். ஆங்கிலக் கல்வி மாணவனை ஊரைவிட்டு உத்தியோகத்திற்கு இழுத்துச் செல்கிறது. ஆகவே செமினரியை மூடுக என்றார். அவ்வாண்டே மூடப்பட்டது. பிற்பாடு அவ்விடத்தில் உபதேசியாரைத் தமிழிற் பயிற்றும் சிறு சாலை ஒன்றே வைத்தனர்.

ஆண்டர்சன் சொன்னது முழுதும் பிழையென்று நாம் சொல்லோம். தாய்மொழியிற் கல்வி என்பது நல்ல கொள்கை. அதை வெள்ளையர் வாயால் 1855இற் கேட்பது வியப்பே. கொடையாளர் நோக்கத்திற்கு மாறாகப் பணத்தைச் செலவிடலாகாது என்பதும் நேர்மையான வாதம். ஆயினும் அவர் கணக்கில் ஒரு பெருங்குறை இருந்தது. அச்சாலை அப்பொழுது அமெரிக்கர் பணத்தால் மட்டும் நடைபெறவில்லை. பெற்றோர் பணமும் அதிற் கலந்திருந்தது. பணத்தில் ஒரு பங்கு கொடுத்தவனை மூடுவதற்கு முன் ஒரு சொல் கேட்கவேண்டாமா? பங்குண்டு, வாக்கில்லை என்றால் அது எந்த நியாயம்? இன்னொன்றும் சொல்லவேண்டும். செமினரியின் பிற்காலத் தலைவர்களுள் ஒருவரான மில்ஸ் என்பார் அமெரிக்கா திரும்பி, கலிபோர்னியாவில் ஒரு பெண்கள் கல்விச்சாலையை விலைக்கு வாங்கி நடத்தினார். அதுவே பின்னர் மில்ஸ் கல்லூரியெனப் பெயர் பெற்றது. அங்கே பெற்றோர் பணம் கட்டித் தம் மகளிரைப் படிப்பித்ததை உலகாசை என்று எவரும் கண்டித்ததாக நாம் கேட்டிலோம்.

இனி, அமெரிக்க மாதர் சங்கங்களின் காசு எதைத்தான் வாங்கிற்று? குருமார் சிலரை வாங்கிற்று. அதனினும் மிகுதியாக அது தமிழை வாங்கிக் கொடுத்தது. 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்: ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவராக வாழ்ந்து, 1885ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் அச்சேற்றினார். செல்லரித்த ஏட்டைத் தேடித் தம் கைப்பொருளையே செலவிட்ட அப்பெரியார் இல்லையேல், நம் பழந்தமிழ்ச் செல்வத்திற் பெரும்பகுதி எவ்வளவு காலம் இருளிற் கிடந்திருக்குமோ, அறியோம். ஏழாலையிலே தம் செலவில் ஒரு பாடசாலையும் வைத்தார். வேதப் பிரசாரகரை உண்டாக்கக் கொடுத்த பணம் கலித்தொகைப் பதிப்பாசிரியரை உண்டாக்கியது. கொடையாளர் ஏமாந்தார் என்று சிலர் நகைப்பர். நாம் அவ்வாறு நகையோம். ஏமாந்தவர் இருந்தால் அவர் ஆண்டர்சன் ஒருவரே.

மற்றொரு வரவுப் பக்கம் இதே காலத்தில் வண்ணார்பண்ணையிற் திறக்கப்பட்டது. வெஸ்லியன் பாதிரியார் பெர்சிவலிடம் துணையாசிரியராயிருந்த ஆறுமுக நாவலர், அவ்வேலையை விட்டு, 1848ஆம் ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து டாலர் அவருக்கு வரப்போவதில்லை. வீடுதோறும் உலைக்கு அரிசி எடுக்கும்பொழுது ஒரு பிடியை வேறாக ஒதுக்கி வைக்குமாறு கேட்டு, அப்பிடியரிசியைத் திரட்டிச் செலவுக்கு வழிசெய்தனர். பிடியரிசியை ஒதுக்கியவள் பெண். அவள் பெயர் எந்தப் பிள்ளைக்கும் இடப்படவில்லை, எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. ஆயினும் பிடியரிசிக்கும் ஓர் எல்லையுண்டு. தமிழ்ப் பள்ளி அதனால் நடைபெற்றது. 1872ஆம் ஆண்டில் நாவலர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையோ, பணமின்மையாற் சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியனுக்குச் சம்பளம் அதிகம். ஊரார் கைப்பிடி அதற்குப் போதவில்லை. செல்வர்களோ கோயிற் திருவிழாவுக்குக் கொடுத்த கையைப் பள்ளிக்கு நீட்டுவதில் அவ்வளவு விரைவு காட்டவில்லை. இது யாழ்ப்பாணத்திற்கு மட்டும் உரிய நோயன்று என்பதை ஜொகூர் நேயர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுமா?

வட்டுக்கோட்டையில் மூடிய கதவு நெடுங்காலம் மூடிக் கிடக்கவில்லை. அடுத்த ஆண்டாகிய 1856இலேயே அங்கே ஓர் ஆங்கில உயர்தரப் பாடசாலை தோன்றியது. அதை நடத்தியவர் பாதிரிமாரல்லர்; செமினரியிற் படித்த தமிழரே. பின்னர், பழைய மாணவரும் ஊராரும் கூடி, கல்லூரி மீண்டும் வேண்டுமென்று கேட்டுப் பணம் திரட்டினர். அமெரிக்காவிலும் ஒரு மூலதனம் திரட்டப்பட்டது. 1872ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்திலேயே திறக்கப்பட்டது. இம்முறை உடன்படிக்கை வேறு. பெற்றோர் கட்டணம் கட்டினர். ஊரார் நன்கொடை கொடுத்தனர். அமெரிக்க மூலதனத்தின் வட்டி துணைநின்றது. ஒருவர் மனமாற்றத்தால் ஓரிரவிற் கதவடைக்கும் நிலை நீங்கிற்று. வேடிக்கையொன்றும் நிகழ்ந்தது. வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை நடத்திவந்த ஆங்கிலப் பாடசாலை, 1890ஆம் ஆண்டளவில் சைவ பரிபாலன சபையார் கைக்கு மாறி, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அவர் மகனார் நெவின்ஸ் செல்வதுரை அதற்குப் பல ஆண்டுகள் தலைவராயிருந்தார். அமெரிக்கக் கிறிஸ்தவர் காசுக்கு ஈடாக இட்ட பெயர் இந்துக் கல்லூரித் தலைவர் நாற்காலியில் அமர்ந்தது!

இவ்வளவும் வரவுப் பக்கம். கணக்கிலேயே ஏறாதவர் கதையையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. செமினரியிற் பயின்றோர் மிகப் பெரும்பாலும் வேளாளர் பிள்ளைகள். அன்று சைவர் காணியிற் கட்டிய அடுக்களையை முன்னர்க் கூறினோமே, அவ்வடுக்களையின் புகை நூறாண்டு அடங்கவில்லை. நாவலரும் சாதியாசாரத்தைக் கைவிட்டவரல்லர். பெண்களுக்கு உடுவிலில் 1824ஆம் ஆண்டு முதல் விடுதிப்பள்ளி இருந்தது. அங்கே படித்து முடித்துக் கிறிஸ்தவனை மணக்கும் பெண்ணுக்கு மிஷனாரே சிறு சீதனம் கொடுத்தனர். ஆண்பிள்ளைக்குக் கல்வி சீதனத்தை வாங்கித் தந்தது. பெண்பிள்ளைக்குக் கல்வியோடு சீதனத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளோ கிராமப் பள்ளியிலும் தரையில் இருத்தப்பட்டனர். 1930ஆம் ஆண்டையொட்டி, உதவிபெறும் பள்ளிகளில் அனைவர்க்கும் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்று அரசாங்கம் விதித்தபொழுது, யாழ்ப்பாணத்திற் சில பள்ளிகள் தீயிடப்பட்டன. பலகையில் ஒரு சிறுவன் அமர்வதைக் காட்டிலும் பள்ளி சாம்பலாவது மேல் என்று நினைத்தவர் நம் இனத்தவரே. அதே காலத்தில் அக்கொடுமையை எதிர்த்துச் சமபோசனம் நடத்திய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம், யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர் என்பதையும் மறத்தலாகாது.

மலாயாவுக்கு வருவோம். இங்கே எழுத்து வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தவர் சம்பளத்திற் பெரும்பகுதி ஊருக்குச் சென்றது; அதிற் பள்ளிக் கட்டணமும் ஒரு பகுதி. மலாயா வெள்ளி யாழ்ப்பாணத்திற் பள்ளிச் சுவராக எழுந்தது. ஆனால் அதே தோட்டத்தில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளியின் பிள்ளைக்கு யார் பணம் கட்டினர்? 1923ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் நாடுகளில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. ஜொகூரிலும் அத்தகைய விதி வந்தது. பணம் கொடுத்தவன் தோட்ட முதலாளி. ஆகவே கேட்டதும் அவனே. அவனுக்கு வேண்டியது, வளர்ந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குச் செல்லும் ஆள். ஆசிரியனுக்குத் தனிச் சம்பளம் எதற்கென்று பல தோட்டங்களிற் கிராணியையும் கங்காணியையுமே பாடம் சொல்ல விட்டனர். சிறிது தமிழ், சிறிது கணக்கு, அவ்வளவோடு ஏடு மூடப்பட்டது. லயத்துப் பிள்ளை பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போகவேண்டுமாயின் வண்டிச் சத்தமும் கட்டணமும் வேண்டும். அமெரிக்க மாது எவளும் அவனுக்குத் தன் பெயரை அனுப்பவில்லை. அவன் தகப்பன் யாழ்ப்பாணத்துத் தகப்பனைப்போற் பணம் எண்ணிக் கொடுக்கவும் கைவசம் ஒன்றுமில்லை. ஆங்கிலப் பள்ளியிற் பயிலும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. நம் தலைமுறையில் லயத்திற் பிறந்த பலருக்கு அது கிட்டவில்லை. அவ்விருவருக்கும் இடையே நின்றது அறிவன்று, வண்டிச் சத்தமே.

ஆயினும் இந்நாட்டிலும் ஒருமுறை பிடியரிசிக் கணக்கு எழுதப்பட்டது. 1950களின் முற்பகுதியில், சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல்துறை அமைக்கும் பேச்சு எழுந்தபொழுது, அங்கே சமஸ்கிருதத்திற்கே முதலிடம் தரவேண்டுமென நீலகண்ட சாஸ்திரியார் பரிந்துரைத்தார். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதை எதிர்த்து எழுதினார். எழுதியதோடு நில்லாது, பல்கலைக்கழகத்திற்குத் தமிழ் நூலகம் அமைக்க 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பட்டணத்து வியாபாரியும் கொடுத்தார். துறைமுகத்திற் சுமை தூக்கியவரும் கொடுத்தார். தோட்டத்திற் பால் வெட்டியவரும் கொடுத்தார். ஏடு மூடிய பின் பள்ளியையே காணாதவர் பலர் பல்கலைக்கழகத்திற்குப் பணம் கட்டினர். 1956ஆம் ஆண்டில் அத்துறை தமிழையே முதன்மையாகக் கொண்டு தொடங்கிற்று. பின்னர்க் கோலாலம்பூருக்கு மாறிற்று. அங்கே முதலிற் பயின்ற மாணவருள் எவரும் தமக்கு வெள்ளி கொடுத்தவர் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.